முக்கூடற்பள்ளில் நகையும் அருளும்

துன்பம் வந்துழி அழுதல் உயிர்கட்கெல்லாம் இயல்பு. துன்பம் வந்துழி நகைத்தலோ மக்களுயிர்க்கே வாய்த்ததொரு பேறு. ஆயினும் நகை யாவும் ஒரு தன்மையன அல்ல. பிறர் துன்பங்கண்டு எழும் நகை வன்கண்மை. தன் துன்பங்கண்டு எழும் நகை பெருமிதம். இறைவனையும் தன் துன்பத்திற்குப் பங்காளியாகக் கொண்டு எழும் நகை அன்பின் முதிர்ச்சி. இம்மூவகை நகையும் ஒரு நூலிலே விரவிவரக் காணவேண்டுவோர் பொருநைக் கரையிற் பிறந்த முக்கூடற்பள்ளைக் காணல்வேண்டும். இம்மூன்றனுள் அந்நூலுக்கு உயிராயிருப்பது யாது என்பதே ஈண்டு ஆராயற்பாலது.

பொதியிற் பிறக்கும் பொருநை பாபநாசத்தில் மலையைவிட்டிறங்கிச் சமவெளி புகுகின்றது. மாஞ்சோலைச் சாரலின் நீரையெல்லாம் திரட்டிக்கொண்டு வரும் மணிமுத்தாறு அதன் தென்கரையில் வந்து கலக்கின்றது. குற்றாலத்தில் அருவியாய் வீழும் சிற்றாறு வடபாலிற் பல ஊர்களை வளம்படுத்திப் பாளையங்கோட்டைக்கு வடகிழக்கே சீவலப்பேரியில் வந்து சேர்கின்றது. கயத்தாறும் உடன்சேர்தலின் அவ்விடம் முக்கூடல் எனப் பெயர்பெற்றது. ஆண்டு எழுந்தருளிய அழகரைப் பாட்டுடைத் தலைவராகக் கொண்டது இந்நூல். இதனை 17-ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் எழுந்ததென்பர் ஆராய்ச்சியாளர்.

பள்ளு என்பது 96 வகைப் பிரபந்தங்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. உழத்திப்பாட்டு எனவும் வழங்குவது. வேந்தரையும் வள்ளல்களையும் பாடிப் பழகிய புலவர் செந்நா, சேற்றில் இறங்கி உழுவாரைக் கதைமாந்தராகக் கொண்டு பாடியது இவ்வகை நூல்களிலேயாம். அவ்வுழுகுடியினர் 2021-ஆம் ஆண்டுச் சட்டத்தால் தேவேந்திரகுல வேளாளர் என்னும் பெயரில் அடங்குவர். அவர்தம் வழியினர் இன்று கற்றுவல்லராய் இந்நூலைத் தாமே எடுத்துப் படிக்கின்றனர். ஆகலின் இதன் நகையை எடைபோடுவோர் முன்னையினும் பொறுப்புடன் எடைபோடக் கடமைப்பட்டவராவர்.

நூலின் கதை சிறிது. முக்கூடற் பண்ணையில் உழுதொழில் நடத்துவோன் அழகக்குடும்பன். அவனுக்கு மனைவியர் இருவர். மூத்தாள் முக்கூடலைச் சார்ந்தவள், திருமாலை வழிபடுபவள். இளையாள் மருதூரினள், சிவபெருமானை வழிபடுபவள். மழைவேண்டித் தெய்வம் பரவுகின்றனர். மழை பெய்து ஆறு பெருகுகின்றது. பண்ணைக்காரன் வருகின்றான். குடும்பன் இளையாள்பால் மயங்கித் தொழிலை மறந்தானென்று மூத்தாள் முறையிடுகின்றாள். பண்ணைக்காரன் வெகுண்டு குடும்பனைத் தொழுமரத்தில் மாட்டுகின்றான். பின்னர் மூத்தாளே இரங்கி வேண்ட, அவன் விடுபடுகின்றான். உழவு நிகழ்கையில் எருது பாய்ந்து அவனை வீழ்த்துகின்றது, தேறி எழுகின்றான். விதைத்து, நட்டு, அறுத்து, நெல் அளந்த பின்னர்ச் சக்களத்தியர் இருவரும் ஏசிக்கொள்கின்றனர். அவ்வேச்சு அவரவர் வழிபடு கடவுளர்மேலும் பாய்கின்றது. முடிவில் இருவரும் ஒன்றுபட்டு வாழ்த்துகின்றனர்.

இந்நூலைச் சைவ நன்மக்கள் கையாற் றொடலாமோ என ஐயுறுவார்க்கு இரண்டு தடைகள் தோன்றும். ஒன்று, சிவபெருமானை வாய்கூசாது வைதுரைக்கும் பகுதி இதன்கண் உண்டு. மற்றொன்று, உழைத்து மெலிந்த ஒருவன் தொழுமரத்திற் கிடந்து வருந்துவதை வேடிக்கையாக்கி மகிழ்வது அருளுடையார்க்குத் தகுமோ என்பது. முன்னையது சமயம் பற்றிய தடை. பின்னையது அறம் பற்றியது. முன்னையதினும் பின்னையதே வலியுடைத்து. எனினும் முறையே இரண்டினையும் நோக்குவாம்.

ஒல்காப் பெரும்புகழ்த் தொல்காப்பியனார் மெய்ப்பாடு எட்டனுள் நகையை முதற்கண் வைத்தார். எள்ளல், இளமை, பேதைமை, மடன் என நான்கு நிலைக்களங்களை அதற்கு வகுத்தார். அடுத்துவைத்த அழுகைக்கு இளிவு, இழவு, அசைவு, வறுமை என நான்கு வகுத்தார். ஈண்டு ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. வறுமையை ஆசிரியர் அழுகைக்கு நிலைக்களமாக வைத்தாரேயன்றி நகைக்கு நிலைக்களமாக வைத்திலர். முக்கூடற்பள்ளின் ஆசிரியரோ அவ்வறுமையையே எடுத்து அதனினின்றும் நகையைப் பிறப்பிக்கின்றார். அழுகையின் வித்தினின்று நகையின் பயிரை விளைத்த இவ்வியப்பு நிகழ்ந்த இடம் சக்களத்தியர் ஏசலேயாம்.

அவ்வேசலில் மூத்தாள் சிவபெருமானை இகழ்கின்றாள். உடுத்துதற்கு நாலுமுழத் துணியின்றிப் புலித்தோலை உடுத்தவனன்றோ நின் கடவுள் என்கின்றாள். ஏறிச்செல்ல வேறொன்றின்றி மாட்டின்மேல் ஏறினான் என்கின்றாள். இரந்து திரிந்தான் என்றும், உண்ண ஒன்றுங் கிடையாமல் நஞ்சை உண்டான் என்றும் ஏளனஞ் செய்கின்றாள். இளையாளும் வாளா இருந்திலள். நின் கடவுள் மரவுரி கட்டிக் காட்டிற்குப் போனவன் என்றும், பறவைமேல் ஏறித் திரிபவன் என்றும், பசியால் மண்ணைத் தின்றவன் என்றும் திருப்பி அடிக்கின்றாள்.

கண்டன நூல் வல்லார் ஒருவர் இவ்விடத்தைப் பாடியிருப்பின் இகழ்ச்சிச் சொற்கள் வேறாயிருந்திருக்கும். முழுமுதற்றன்மை, பிறப்பிறப்பின்மை, வேதப்பிரமாணம் என்றிவற்றின்மேல் வாதம் நடந்திருக்கும். இவ்விரு பெண்டிரும் அவ்வழிச் சென்றிலர். அவர்கள் தேர்ந்தெடுத்த குற்றங்கள் யாவை? துணியில்லை, சோறில்லை, வண்டியில்லை, வீடுவீடாய் இரந்தான் என்பனவே. இவை தத்துவக் குற்றங்கள் அல்ல. வறியவன் வீட்டுக் குறைகள். நாடோறும் தம் குடிசையிற் கண்ட இல்லாமையையே அவ்விருவரும் கடவுளர்மேல் ஏற்றிச் சொல்கின்றனர். தம் கணவனை வைவதற்கு எச்சொற்களை வைத்திருந்தனரோ அச்சொற்களாலேயே கைலைநாதனையும் வைகுந்தநாதனையும் வைகின்றனர். அரசன் அரண்மனையில் வீற்றிருக்கும் கடவுளை அவர் அறியார். கந்தையுடுத்தும், மாடோட்டியும், பசித்தும் இருக்கும் கடவுளையே அறிவர். இகழ்வது போன்று தோன்றும் இச்சொற்களால், இறைவன் தம் குலத்தினனாய், தம் சேரிக்கு அடுத்த வீட்டினனாய் ஆகிவிடுகின்றான் என்பதை ஓர்ந்துணர்க.

மேலும், அவர் சுட்டும் செய்திகள் யாவும் அருட்செயல்களேயாதல் அறியத்தக்கது. இறைவன் நஞ்சுண்டது பசியாலன்று, அமரர் உய்தற்பொருட்டு. பலியேற்றது வறுமையாலன்று, ஏற்பார்போல் வந்து ஆணவத்தை வாங்கிக்கொள்ளுதற்பொருட்டு. தவத்தால் மேம்பட்டோம் என்று செருக்கிய தாருகவனத்து முனிவர் ஏவிய புலியே உடையாயிற்று. வைதவள் அருளையே எண்ணி எண்ணி வைதாளாயிற்று. இதனை நிந்தாத்துதி என்பர் நூலோர். வன்றொண்டப் பெருந்தகையார் தம்மை ஆட்கொள்ள வந்த முதியவரை அவையோர் நடுவே பித்தர் என்று வைதனர். அவ்வேச்சையே முதலாக வைத்துப் பாடுகவென்று இறைவன் பணித்த வரலாறு சைவ உலகம் அறிந்ததன்றோ? திருமுறையைத் தலைமேற் கொள்வார் ஓர் உழத்தியின் வாய்ச்சொல்லுக்கு வெருவுதல் பொருந்தாது. முதற்றடை இவ்வாறு நீங்கும்.

இனி இரண்டாவது தடை. தொழுமரம் என்பது இரண்டு கட்டைகளின் இடையே கால்களைப் புகுத்தி அசையவொட்டாது பூட்டும் கருவி. அதனிற் கிடந்து குடும்பன் புலம்பும் பகுதியைப் படிப்போர் சிலர்க்கு நகை தோன்றும். இருதாரங் கொண்டு, ஒருத்தியை மறந்து, கள்ளமாய் ஒளிந்து, இறுதியில் அகப்பட்டுக்கொண்டவன் என்னுமளவில் நகை இயல்பே. ஆயின் அந்நகை அம்மட்டோடு நிற்பின், முதற்கட் கூறிய வன்கண்மை நகையாய் முடியும்.

இவ்விடர்ப்பாட்டினின்று தப்புதற்கு ஓர் எளிய வழி சைவநூற் பயிற்சியுடையார்க்குத் தோன்றல் கூடும். பண்ணைக்காரனைப் பதியெனவும், குடும்பனைப் பசுவெனவும், தொழுமரத்தைப் பாசமெனவும், தண்டத்தை மறக்கருணையெனவும் உருவகித்துக்கொள்வதே அவ்வழி. பொருத்தம் அழகியதுபோல் தோன்றும். ஆயினும் அது கொள்ளத்தக்கதன்று. மறக்கருணை இறைவன் ஒருவனுக்கே உரியது. அவன் ஒறுப்பது உயிரின் மலம் நீங்குதற்பொருட்டு. தனக்கென ஒரு பயன் கருதியன்று. பண்ணைக்காரன் ஒறுப்பதோ உழவு தாழ்ந்ததென்றும் நெல் குறையுமென்றும் சினந்து. அவனும் ஆணவத்தாற் கட்டுண்ட ஒரு பசுவே. ஒரு பசு மற்றொரு பசுவைக் கட்டையிற் பூட்டிவிட்டு அதனைப் பதியின் திருவருள் என்று கூறுமாயின், அது சித்தாந்தத்தை வளர்த்ததாகாது; சித்தாந்தத்தின் பெயரால் கொடுமைக்குத் திரையிட்டதாகும்.

அவ்வாறே, அவன்பட்டது அவன்வினை என்று கூறி அகல்வதும் பொருந்தாது. வினைக்கொள்கை துன்பப்படுவோன் தன் நெஞ்சைத் தேற்றிக்கொள்ளுதற்கு ஏற்பட்ட மருந்து. அருகில் நிற்போன் தன் கையை மடக்கிக்கொள்ளுதற்கு ஏற்பட்ட சாக்கன்று. தனக்குத் துன்பம் வந்தவழி, இது யான் செய்த வினை என்பது ஞானம். பிறர்க்குத் துன்பம் வந்தவழி அதனையே சொல்வது அருளின்மை. ஒரே சொல் வாய் மாறியவுடன் பொருள் மாறிவிடும் நுட்பம் இது.

இதற்குத் திருவாலவாய்ப் பெருமானே சான்றாயுள்ளார். பரஞ்சோதி முனிவர் பாடிய திருவிளையாடற் புராணத்து மண் சுமந்த படலத்தை நினைவுகூர்க. வையை உடைத்துப் பெருகியபோது வீட்டிற்கு ஒருவராய்க் கரையடைக்க ஆணை பிறந்தது. ஆளில்லாத பிட்டு வாணிச்சி வந்திக்காக இறைவன் உதிர்ந்த பிட்டையே கூலியாகப் பேசிக் கூடையுடன் வந்தான். வந்தவன் ஒழுங்காய் வேலை செய்தானா? இல்லை. பிட்டைத் தின்றான், பாடினான், ஆடினான், துயின்றான். அழகக்குடும்பனைப்போன்றே அவனும் தொழில் மறந்த கூலியாளனாய் நின்றான். அவனைப்போன்றே தண்டமும் பெற்றான். பாண்டியன் பிரம்பு ஒரு முதுகில் விழுந்தது. வலி உலகத்துயிர் அனைத்தின் முதுகிலும் பட்டது. அரசன் முதுகும் அதற்கு விலக்கன்று. படலத்தைக் கேட்குந்தோறும் முற்பகுதியில் நகைக்கின்றோம். பிரம்பு ஓங்கியவுடன் நகை நின்றுவிடுகின்றது. தொழுமரத்திற் பூட்டுண்ட குடும்பன் காலின் வலி நம் காலிற் படுகின்றதா என்பதே முக்கூடற்பள்ளைப் படிப்பார்க்குரிய உரைகல்.

நூலாசிரியருக்கு அவ்வலி பட்டது என்பதற்குச் சான்று நூலினுள்ளேயே உண்டு. குடும்பனைக் காட்டிக்கொடுத்தவள் மூத்தாள். அவள் முறையீடு பொய்யன்று. அவள் குறை உண்மையான குறை. கணவனால் கைவிடப்பட்டவள் அவள். கதையின் போக்கு வெறும் வேடிக்கையையே நாடியிருப்பின், அவள் கைகொட்டி நகைக்க, அவன் கிடந்து புலம்ப, அவ்வளவிற் பகுதி முடிந்திருக்கலாம். அங்ஙனம் முடியவில்லை. கட்டையிற் கிடப்பவன் தன் பிழையை ஒப்பி அவளை வேண்டுகின்றான். அவள் மனங்கரைகின்றாள். எவன்முன் குற்றஞ்சாட்டினாளோ அவன்முன்னே தானே சென்று, பிழைபொறுத்து விடுவிக்குமாறு இரக்கின்றாள். தன் வழக்கில் வென்றவள், வென்ற பயனைத் தானே விட்டுக்கொடுக்கின்றாள். அறம் அவள் பக்கல் இருந்தது. அறத்தினும் மேற்பட்ட அருளை அவள் தெரிந்துகொண்டாள். நூல் முழுவதிலும் பெருந்தன்மையுடைய செயல் இஃதொன்றே. இதனைச் செய்தவர் பண்ணைக்காரரும் அல்லர், வளநாட்டுச் செல்வரும் அல்லர். வஞ்சிக்கப்பட்ட உழத்தி ஒருத்தி. நகையின் நடுவே ஆசிரியர் மறைத்துவைத்த மணி இது.

ஆசிரியர் நகை உழுவார்மீது மட்டுமே பாய்ந்ததும் அன்று. தண்டனை விதிக்கும் பண்ணைக்காரனை அவர் அறிமுகப்படுத்தும்போதே அவன் தோற்றத்தை நகைபடப் புனைந்து, அவன் அதிகாரத்தின் காற்றை இறக்கிவிடுகின்றார். அடிப்போனும் நகைக்கு விலக்கல்லன் என்று காட்டியது நடுவுநிலைமை. எனினும் குற்றமும் கூறாதொழிதல் ஆகாது. அப்புனைவில் நகை அவன் கொடுமையைப் பற்றாது உடற்குறையைப் பற்றி நிற்கின்றது. உடற்குறை ஒருவன் செய்த தீமையன்று. அதனை எள்ளுதல் நகையின் நிலைக்களங்களுள் எளியதும் இழிந்ததுமாகும். ஏசலிலும் ஒரோவிடத்துச் சொற்கள் அளவிறந்து செல்கின்றன. இவற்றைச் சுவையென மயங்காது களைந்து படித்தலே கற்றோர் கடன். பதர் உண்டு என்பதற்காகக் களத்து நெல்லை எவரும் எரித்துவிடார்.

இனி, நகையும் அருளும் நிலைபெறுதற்குத் துணைநிற்கும் மூன்றாவது பண்பு ஒன்றுண்டு. அதுவே நம்பிக்கை. இந்நூலில் துன்பம் தொடங்குவதற்கு முன்னரே மழை தொடங்கிவிடுகின்றது. உழுகுடியினர் கூடித் தெய்வம் பரவி மழை வேண்டுகின்றனர். மின்னல் எத்திசையில் வெட்டுகின்றது, காற்று எப்பக்கம் திரும்பியது என்று குறிபார்க்கின்றனர். மலையிற் பெய்த மழை ஐவகை நிலங்களையும் கடந்து ஆறாய்ப் பெருகிவருவதை ஆசிரியர் விரித்துப் பாடுகின்றார். நெல்வகை இத்தனை, மாட்டுவகை இத்தனை, மீன்வகை இத்தனை என்று பெயர்பெயராய் எண்ணிச் சொல்கின்றார். பொருளற்றவன் பெயர்களையாவது எண்ணி மகிழ்கின்றான் என்று அவற்றை எளிதாகக் கருதற்க. நாளைக்கு விதைப்போம் என்னும் துணிவு இல்லாதவன் விதையின் பெயரை நினைவில் வைத்திரான். தொழுமரத்தினின்று விடுபட்ட குடும்பன் நேரே ஏரைப் பூட்டச் செல்கின்றான். எருது பாய்ந்து வீழ்த்திய பின்னரும் தேறி எழுந்து வயலுக்கே திரும்புகின்றான். இடுக்கண் அழியாமை என்னும் அதிகாரத்தின் தொடக்கத்தே துன்பம் வந்தபோது நகைக்கவேண்டும் என்று திருவள்ளுவனார் உரைத்தது இத்தகையோரை நோக்கிப்போலும். அந்நகை துன்பத்தை இல்லையென்பதன்று. துன்பத்தின்மேல் ஏறிக் கடப்பது.

பொருநை நாட்டார்க்கு இந்நம்பிக்கை ஏட்டுச் செய்தியன்று. ஆறு வாழ்வும் தந்தது, அழிவும் தந்தது. பண்டு தடையின்றிப் பாய்ந்து பெருகிய மணிமுத்தாற்றுக்கு 1958-இல் அணை முற்றுப்பெற்றது. 118 அடி வரை நீரைத் தேக்கும் அவ்வணையின் கால்வாய், மழையை மட்டுமே நோக்கியிருந்த தென்பாற் புன்செய் நிலத்துக் குளங்கட்கும் நீர் ஈந்தது. 2023 டிசம்பர் 17, 18 ஆம் நாள்களிலோ வானம் பொத்துக்கொண்டது. காயல்பட்டினத்தில் ஒருநாளிற்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை பெய்தது. பொருநையின் இருகரையும் வெள்ளக்காடாயின, நெல்லும் வாழையும் நீரில் மூழ்கின, உயிர்களும் மாண்டன. மழை வேண்டிப் பாடிய நாட்டில் மழையாலேயே இவ்விழப்பு நேர்ந்தது. எனினும் வெள்ளம் வடிந்தபின் உழவர் மீண்டும் வரப்பை வெட்டினர். மீண்டும் நாற்றுப் பாவினர். முக்கூடற்பள்ளின் ஆசிரியர் கண்டு பாடிய மனவலி அதுவே.

நூலின் முடிவும் இந்நம்பிக்கையோடு இயைந்தது. வாய் ஓய்ந்த அளவில் சக்களத்தியர் இருவரும் தம் பிணக்கை விட்டு ஒன்றுபடுகின்றனர். கடவுளரைப் பழித்த வாய்களே கடவுளரை வாழ்த்துகின்றன. இப்பள்ளத்தாக்கிலேயே, பாபநாசத்தை அடுத்த விக்கிரமசிங்கபுரத்தில், மாபாடியம் அருளிய சிவஞான முனிவர் தோன்றினார். 1785-இல் சிவபதம் எய்திய அவர் பிறசமய வாதங்களை மறுத்துக் கண்டன நூல்கள் பல இயற்றினார். அறிவினால் உண்மையை நிறுவுதற்கு அத்தகைய நூல்கள் இன்றியமையாதன. ஆயின் ஒரே வயலில் நாற்று நட்டு ஒரே களத்தில் நெல் தூற்றவேண்டிய இருவர்க்கு வாதத்தில் வெற்றி தோல்வி காண்பதைவிட, வாதத்தின் பின்னும் கூடி வாழ்வதே பெரிது. அவ்விருவர்க்கும் அதனைக் கற்பித்தது நகையேயாம். இருவர் கடவுளரும் கந்தையுடுத்து நிற்கக் கண்டபின் எவர் எவரினும் உயர்ந்தவர் என்று பிணங்குதற்கு இடமேது?

இதுகாறும் கூறியவாற்றால், முக்கூடற்பள்ளின் உயிர் வன்கண்மை நகையன்று என்பது பெறப்பட்டது. வறுமையை இறைவனோடு பகிர்ந்துகொண்டு நகைக்கும் அன்பும், தனக்குப் பிழைசெய்தவன் கட்டை அவிழ்க்கச் செல்லும் அருளும், வீழ்ந்தபின்னும் ஏர்பூட்டும் நம்பிக்கையுமே அதன் உயிர். நூலை மூடிவைத்தபின் நகை மட்டும் நெஞ்சில் எஞ்சுமாயின் படித்தது அரைப்பங்கே. பண்ணைக்காரன்முன் சென்று நின்ற மூத்தாளின் உருவம் எஞ்சுமாயின் நூல் முற்றப் படிக்கப்பட்டதாகும். வந்திக்கு ஆளாய் வந்து, மண்சுமந்து, பிரம்படி பட்ட பெருமான், உழைத்து வருந்துவோர் யாவர்க்கும் துணைநின்று அருள்வானாக.

திருச்சிற்றம்பலம்.